கேள்வியைச் சொல்ல வேண்டாம்: யொரூபா நாட்டில் ஆறு நாட்கள்

முதல் நாள்: ஜக்கூத்தா. லாகோஸ் – இபாதான்

நான்கு வருடமாக நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்க்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். முடிவெடுக்கும் முன் ஆறு நாள் விடுப்பு எடுத்தேன். இத்தனை வருடம் கூட இருந்து வேலை செய்த யொரூபா மனிதர்களின் சாமிகளையும் பூசாரிகளையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்காமல் இந்த நாட்டை விட்டுப் போக மனம் வரவில்லை.

காலையில் எபுத்தே மெட்டா நிலையத்தில் இபாதான் ரயிலேறினேன். 2021-இல் ஓடத் தொடங்கிய பாதை இது, 157 கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே ஹார்மட்டான் புழுதி. சகாராவிலிருந்து வரும் இந்தக் காற்று மாதக்கணக்கில் வானத்தைச் சாம்பல் பூசி வைத்திருக்கும்.

இபாதானில் அலுவலக நண்பர் காரோடு காத்திருந்தார். இஃபே ஊர்க்காரர். என்னைவிட ஆறு வயது சின்னவர் என்பதால் என்னை 'எக்போன்' என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்று அர்த்தம். யொரூபாவிலும் மூத்தவரை 'நீ' என்று சொல்லிவிட முடியாது, நம் 'நீங்கள்' போலவே பன்மையில்தான் பேச வேண்டும். அவர் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய தாய்மாமா ஒரு பாபாலாவோ, குறி பார்ப்பவர். அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போக முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார்.

"இன்றைக்கு என்ன நாள் தெரியுமா?" என்றார். செவ்வாய் என்றேன். "அது அலுவலக நாள். என் பாட்டி கணக்கில் இன்று ஜக்கூத்தா."

யொரூபாக்களின் பழைய வாரத்துக்கு நான்கே நாட்கள். ஓசே ஒபாத்தாலாவின் நாள், அவோ குறி பார்க்கும் மரபான இஃபாவின் நாள், ஓகுன் இரும்புக் கடவுளின் நாள், ஜக்கூத்தா இடியின் கடவுளான ஷாங்கோவின் நாள். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுவதால் ஐந்து என்று சொல்வார்கள். கோயில்களில் பூசாரிகள் இன்னும் இந்த வாரத்தைத்தான் பிடித்து நிற்கிறார்கள். என் பயணத்தையும் இதன்படியே எழுதுகிறேன்.

மதியம் மருந்துச் சந்தைக்குப் போனோம். பச்சிலை விற்கிற பெண்களுக்கு 'எலேவே ஒமோ' என்று பெயர். காய்ந்த சரக்கு விற்பவர்கள் 'லேக்குலேஜா'. எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கசகசாவும் கடுக்காயும் கிடப்பதுபோல இங்கே மரப்பட்டை, விதை, ஆமை ஓடு, உலர்ந்த பச்சோந்தி, வெள்ளைச் சுண்ணக்கட்டி, செம்மரத் தூள். ஒரு இளம்பெண் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள். லேக்குலேஜா அம்மா அதை ஒரு முறை பார்த்துவிட்டு, "எந்த பாபா எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு, பெட்டி பெட்டியாகத் திறந்து பொட்டலம் கட்டத் தொடங்கினாள். குறி பார்ப்பவர் சீட்டு எழுதுகிறார், இவள் சரக்குக் கொடுக்கிறாள். இந்த மதத்தில் இப்படி ஒரு மருந்துக்கடைக் கவுண்டர் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ராத்திரி அபுலா சாப்பிட்டோம். கறுத்த அமாலா உருண்டை மேல் எவேது கீரை, க்பெகிரி பருப்பு. இபாதானில் இருந்துகொண்டு வேறெதுவும் சாப்பிடுவது தவறு.

இரண்டாம் நாள்: ஓசே. ஓஷோக்போ

ஓஷுன் ஆற்றங்கரைக் காடு. சுமார் 75 ஹெக்டேர். முன்பெல்லாம் ஒவ்வொரு யொரூபா ஊருக்கு வெளியிலும் இப்படி ஒரு சாமிக்காடு இருந்ததாம். பெரும்பாலானவை அழிந்தும் சுருங்கியும் போய்விட்டன. இது தப்பியது, 2005-இல் உலகப் பாரம்பரியக் களமும் ஆயிற்று. மீன் பிடிக்கக் கூடாது, வேட்டையாடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது. மோனா குரங்குகள் பயமில்லாமல் பாதையில் உட்கார்ந்திருந்தன.

காடு தப்பியதற்கு முக்கியமான ஒருவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1915-இல் பிறந்த சுசேன் வெங்கர். 1950-இல் நைஜீரியாவுக்கு வந்தார், கடுமையாக நோய்வாய்ப்பட்டார், பிறகு எடேயில் ஒபாத்தாலாவின் பூசாரியான அஜகேமோவிடம் தீட்சை பெற்றுத் தாமும் பூசாரியானார். அதன்பின் திரும்பிப் போகவில்லை. 2009 ஜனவரியில் இறக்கும்வரை ஓஷோக்போவிலேயே வாழ்ந்தார். அதேபிசி அக்கஞ்சி, புராய்மோ கபதமோசி போன்ற உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து, இடிந்து கிடந்த கோயில்களை எழுப்பி, மரங்களுக்கு நடுவே ராட்சத சிமெண்ட் உருவங்களைச் செய்தார். அவை மரத்திலிருந்து கிளம்பியவைபோல நிற்கின்றன. வெள்ளைக்காரப் பெண்ணை மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டேன். காட்டின் வழிகாட்டிப் பெரியவர், "ஒரிஷா ஏற்றுக்கொண்டது, பிறகு நாங்கள் யார்?" என்றார். ஒரிஷா என்றால் சாமி.

ஓசே நாள் என்பதால் ஊருக்குள் ஓர் ஒபாத்தாலா கோயிலில் பூசை இருந்தது. வயதான பூசாரி அம்மா தலை முதல் கால்வரை வெள்ளை. கழுத்தில் வெள்ளைப் பாசிமணி. விடியும் முன்பே ஊற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரால் சாமியின் பானையை நிறைத்திருந்தார். போகிற வழியில் யாரிடமும் பேசக்கூடாதாம். ஒபாத்தாலாவுக்கு உப்பில்லாத சோறு, நத்தை, ஷியா வெண்ணெய். செம்பனை எண்ணெய் ஆகாது. கள்ளும் ஆகாது. அதற்கு ஒரு கதை உண்டு: மனித உடல்களைக் களிமண்ணில் வனைந்தவர் ஒபாத்தாலா. ஒருநாள் கள்ளின் மயக்கத்தில் வனைந்ததில் சில உடல்கள் கோணலாகிவிட்டன. தெளிந்த பிறகு மனம் உடைந்து, இனிக் கள்ளைத் தொடுவதில்லை என்றும், கூன், குருடு, வெண்தோல் உள்ளவர்கள் எல்லோரும் என் சொந்தப் பிள்ளைகள் என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கோயில் திண்ணையில் முதுகு வளைந்த ஒரு பையன் சட்டமாக உட்கார்ந்து தேங்காய் தின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

அந்த அம்மா பகல் முழுக்கச் செய்தது என்ன என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மாற்றினார். தரை பெருக்கினார். பிள்ளையில்லாத ஒருத்தியின் வயிற்றில் கை வைத்து நீளமாக வாழ்த்தினார். இரண்டு சகோதரர்களின் காணிச் சண்டையைக் கேட்டு, சின்னவனைத் திட்டினார். கோலாக் கொட்டையை நான்கு பருப்பாகப் பிரித்துத் தரையில் போட்டு, சாமி சம்மதித்ததா என்று பார்த்தார். பூசாரி ஒரு சாமிக்கு உரியவர், அந்தச் சாமியின் வீட்டை நடத்துகிறவர். யாருக்கு எந்தச் சாமி என்று சொல்வது அவர் வேலை அல்ல. அது பாபாலாவோவின் வேலை. இந்த வித்தியாசம் எனக்கு இன்றுதான் பிடிபட்டது.

ஆற்றைப் பற்றியும் எழுத வேண்டும். ஆகஸ்ட் திருவிழாவில் அருக்பா என்ற கன்னிப்பெண் ஊரின் வேண்டுதல்களைச் சுரைக்குடுக்கையில் தலையில் சுமந்து இந்தக் கரைக்குத்தான் வருவாள். பக்தர்கள் தண்ணீரை அள்ளிக் குடிப்பார்கள், பாட்டிலில் பிடித்துப் போவார்கள். மேலே தங்கச் சுரங்கம் தோண்டுகிறார்கள், தண்ணீர் செம்மண் குழம்பாக வருகிறது. 2022 திருவிழாவின்போது குடிக்காதீர்கள் என்று மாநில அரசே எச்சரித்தது. நான் கைவிட்டு அள்ளினேன். விரல் நுனி தெரியவில்லை. காட்டுக்குள் ஒரு மீனைத் தொட்டால் குற்றம், காட்டுக்கு மேலே ஆற்றையே கொல்லலாம். எனக்கு ஆறவே இல்லை.

மூன்றாம் நாள்: அவோ. இலே-இஃபே

யொரூபாக்களுக்கு உலகம் தொடங்கிய ஊர் இது. ஊனி என்ற அரசர் இங்கே இருக்கிறார். பாபாலாவோக்களின் தலைவருக்கு அரபா என்று பட்டம். ஒக்கே இத்தாசே குன்றின்மேல் இஃபாவின் பெருங்கோயில். விடியற்காலையில் மேலே ஏறி ஊரைப் பார்த்துவிட்டு மாமா வீட்டுக்கு இறங்கினோம்.

போகும் வழியில் நண்பர் எனக்கு வணக்கம் சொல்லிக் கொடுத்தார். பாபாலாவோவைப் பார்த்தால் "அபோரு, அபோயே, அபோசிஷே" என்று சொல்ல வேண்டும். படையல் போய்ச் சேரட்டும், ஏற்கப்படட்டும், பலிக்கட்டும் என்று பொருள். சொல்லிக் கொடுத்தாரே தவிர அவர் சொல்வதில்லை. வாசலில் மாமாவைக் கண்டதும் சட்டை மண்ணாவதைப் பார்க்காமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, உள்ளே பாய் விரித்த அறைக்குள் மட்டும் கால் வைக்காமல் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். திறந்த கதவு வழியாக அங்கிருந்தே மொழிபெயர்த்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை மட்டும் பெஞ்சுக்கு அனுப்பினார்.

பாபாலாவோ என்ற சொல்லைப் பிரித்தால் 'பாபா', 'அவோ'. அவோ என்றால் மறை. ரகசியம், வேதம் என்று நம் மொழியில் மறைக்கு இருக்கும் இரண்டு பொருளும் இந்த ஒரு சொல்லில் அப்படியே நிற்கின்றன. இடது மணிக்கட்டில் பச்சையும் பழுப்புமாக மணிக்கயிறு. அது இருந்தால் அவர் இஃபாவின் ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அவோ நாள் என்பதால் முதலில் வீட்டு இஃபாவுக்குப் பூசை. மாணவன் ஒருவன், பன்னிரண்டு வயது இருக்கும், பள்ளிக்கூடக் கால்சட்டையோடு பாயில் சம்மணமிட்டிருந்தான். முன்னால் வட்ட மரத்தட்டு. அதன் விளிம்பில் ஒரு முகம் செதுக்கியிருந்தது, அது தூது போகும் சாமியான எஷுவின் முகம். தட்டில் வெளிர்மஞ்சள் மரத்தூளைப் பரப்பினான். பதினாறு செம்பனைக் கொட்டைகளை இரண்டு கையிலும் குலுக்கினான். எந்தக் கொட்டையும் ஆகாது, நான்கு கண்ணாவது உள்ளவைதான் இஃபாவுக்கு உரியவை. இடது கையில் எல்லாவற்றையும் வைத்து வலது கையால் ஒரே பிடியில் அள்ளுகிறான். பையனின் கை சின்னது, பிடி நிறையவில்லை, மூன்று நான்கு மிஞ்சுகின்றன. அது கணக்கில் சேராது, மறுபடி. இரண்டு மிஞ்சினால் தூளில் ஒரு கோடு, ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு. நடுவிரலால் தூளை மெல்லத் தள்ளிக் கோடு போடுகிறான். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று எட்டு முறை. இரண்டு வரிசையில் நான்கு நான்காக நிற்கிற அந்தக் கோடுகளுக்கு ஓர் ஓது என்று பெயர்.

ஆம், நம் காதில் 'ஓது' என்றே விழுகிறது. இரண்டு மொழிக்கும் உறவில்லை, தற்செயல்தான். ஆனால் ஓதுவதைத் தவிர இதற்கு வேறு வேலையும் இல்லை. தலை ஓதுகள் 16. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மொத்தம் 256. ஒவ்வொன்றுக்கும் அடியில் எண்ணில்லாத பாடல்கள், அவற்றுக்கு எசே என்று பெயர். ஓர் ஓதுக்குப் பதினாறு பாடலாவது தெரியாதவனைப் பழைய குருக்கள் பாபாலாவோ என்று ஏற்க மாட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், நாலாயிரத்தைத் தாண்டும். பத்து, பதினைந்து வருடம் குருவின் வீட்டில் தண்ணீர் சுமந்து, இலை பறித்து, மனப்பாடம் செய்ய வேண்டும். பையனுக்கு ஒரு வரி தடுக்கியது. மாமா வாயைத் திறக்கவில்லை, காத்திருந்தார். அவன் கண்ணை மூடி முதலிலிருந்து தொடங்கினான். 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது இதைத்தான், இந்தப் பையன் கண்ணை மூடி நினைவுபடுத்துகிற இதை.

பிறகு என் முறை. என்ன கேட்க வந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். மாமா கையை உயர்த்தினார். கதவுக்கு வெளியிலிருந்து நண்பரின் குரல்: "கேள்வியைச் சொல்ல வேண்டாம் என்கிறார். பணத்திடம் சொல்லுங்கள்."

நாய்ரா நோட்டை மடித்து உதட்டருகே பிடித்து, தமிழில், இன்னும் இரண்டு வருடம் இருக்கவா என்று முணுமுணுத்தேன். அதைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒப்பேலேயை எடுத்தார். சங்கிலியில் எட்டு அரைக்காய்கள், பக்கத்துக்கு நான்கு. அன்றாடக் குறிக்கு இதுதான், பனங்கொட்டை பெரிய காரியங்களுக்கு. நடுவில் பிடித்து நோட்டைத் தொட்டு, முன்னால் வீசினார். குழிப்பக்கம் மேலே விழுந்தால் ஒற்றைக் கோடு, முதுகுப்பக்கம் விழுந்தால் இரட்டை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல: மேலே மூடி, நடுவில் இரண்டும் திறந்து, கீழே மூடி.

"இவோரி மேஜி" என்றான் பையன், குருவை முந்திக்கொண்டு.

மாமா ஓதத் தொடங்கினார். ஒவ்வொரு பாடலும் ஒரே மாதிரி தொடங்குகிறது: முன்பொரு காலத்தில் இன்ன பாபாலாவோ இன்னாருக்குக் குறி பார்த்தார். அவர் என்ன கவலையோடு வந்தார், என்ன படைக்கச் சொன்னார்கள், படைத்தாரா இல்லையா, பிறகு என்ன ஆனது. நீதிமன்றத்தில் பழைய தீர்ப்புகளை எடுத்துக் காட்டுவதுபோல, எப்போதோ ஒருவருக்கு நடந்ததை இப்போது உட்கார்ந்திருப்பவர் முன் வைக்கிறார்கள். முதல் பாடல் ஒரு வியாபாரியைப் பற்றி, இரண்டாவது ஒரு நோயாளியைப் பற்றி. ஒவ்வொன்று முடிந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன், என்னுடையது இல்லை. பாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வந்தவர்தான்.

மூன்றாவது, ஒருன்மிலாவின் கதை. இஃபாவின் தலைவர், மனிதர்கள் பிறக்கும் முன் தங்கள் விதியைத் தேர்ந்தெடுத்ததற்குச் சாட்சி அவர். அவருக்கு எட்டு மகன்கள், எட்டுப் பேரும் ஆளுக்கொரு ஊரின் அரசர்கள். விழாவன்று ஒவ்வொருவராக வந்து தந்தை காலில் விழுந்து அபோரு, அபோயே சொன்னார்கள். கடைசி மகன் ஒலோவோ மட்டும் நின்றான். நீங்கள் கிரீடம் வைத்திருக்கிறீர்கள், நானும் வைத்திருக்கிறேன், கிரீடம் வைத்த தலை குனியாது என்றான். ஒருன்மிலா எழுந்து, பதினாறு தலையாகக் கிளைத்த ஒரு பனையில் ஏறி வானத்துக்குப் போய்விட்டார். மழை நின்றது. கர்ப்பிணிகளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கிழங்கு மண்ணுக்குள் பருக்கவில்லை. பிள்ளைகள் அந்தப் பனையடியில் போய் அழுதார்கள், அப்பா வீட்டுக்கு வாருங்கள் என்று. வரமாட்டேன் என்றார். கையை நீட்டச் சொல்லிப் பதினாறு கொட்டைகளைக் கொடுத்தார். இனி எது வேண்டுமானாலும் இதனிடம் கேளுங்கள், கேட்பது நான்தான் என்றார்.

வாசலில் நண்பரின் குரல் பாதியில் நின்றது. நான் கையைத் தூக்கியிருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அப்பா இறந்தார். கொள்ளி வைத்தது தம்பி. நான் லாகோஸ் அறையில் போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நடுவில் இணைப்பு போய்விட்டது. இதை நான் இந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நண்பருக்கும் தெரியாது. நான் கேட்டது வேலையைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தது வேறொன்று என்று அந்தப் பாயில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

மாமா அவசரப்படவில்லை. பிறகு ஒரு சோழியையும் ஒரு சிறு எலும்புத் துண்டையும் என் கையில் கொடுத்தார். சோழி ஆம், எலும்பு இல்லை. குலுக்கி, கைக்கு ஒன்றாக மறைத்துக்கொண்டேன். அவர் இருமுறை வீசி, விழுந்த இரண்டு ஓதுகளில் எது மூத்தது என்று பார்த்து, இடது கையைத் திறக்கச் சொன்னார். எலும்பு.

கடைசியாகப் படையல், எபோ. ஆயிரக்கணக்கில் கேட்பார்கள் என்று லாகோஸில் பலர் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படிப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்று மாமாவே சொன்னார். அவர் முகம் வருத்தத்தில் சுருங்கியது. எனக்குச் சொன்னது இரண்டு: வீட்டு வாசலில் எஷுவின் செம்பாறைக் கல்லில் செம்பனை எண்ணெய் ஊற்ற வேண்டும், அடுத்த அவோ நாளுக்கு முன் என் தெருப் பிள்ளைகளுக்குச் சாரா போட வேண்டும், அதாவது கையால் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றினேன். படையலை உரிய இடத்துக்குக் கொண்டு போகிறவர் எஷு. யொரூபா பைபிளை மொழிபெயர்த்த சாமுவேல் அஜாயி கிரௌதர் சைத்தானுக்கு இந்தப் பெயரைத்தான் போட்டார். அன்றிலிருந்து தூது போகிறவர் பிசாசாகிவிட்டார். பெஞ்சில் இருந்த நண்பர் அந்த நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்.

கிளம்பும்போது மாமா அவர் தலையில் கை வைத்து நெடுநேரம் வாழ்த்தினார். நண்பர் குனிந்தே நின்றார். முடிவில் "ஆமென்" என்றார். மாமா "ஆஷே" என்றார்.

நான்காம் நாள்: ஓகுன். வழியில்

இன்று பெரும்பாலும் சாலை. ஓகுன் இரும்பின் கடவுள் என்பதால் கொல்லர், ஓட்டுநர், மெக்கானிக், அறுவை மருத்துவர் எல்லோரும் அவர் கணக்கில்தான். வழியில் டயர் பஞ்சர். ஒட்டுப்போட்ட பட்டறையில் தூணில் குருத்தோலை கட்டியிருந்தது, கீழே பழைய கியர் சக்கரங்களைக் குவித்து எண்ணெய் வார்த்திருந்தார்கள். அதுதான் சந்நிதி. பூசாரி என்று தனியாக யாருமில்லை, பட்டறை மூத்தவர்தான் பூசாரி. நைஜீரிய நீதிமன்றங்களில் பைபிள், குர்ஆன் வேண்டாதவர்கள் இரும்பின்மேல் சத்தியம் செய்யலாம் என்று நண்பர் சொன்னார். பொய் சொன்னால் அந்த இரும்பே எங்காவது வழியில் காத்திருக்குமாம்.

நேற்றைய நாளைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஐந்தாம் நாள்: மறுபடி ஜக்கூத்தா. ஓயோ

ஷாங்கோ இந்த ஓயோ அரசின் பழைய மன்னர். மன்னர் தூக்கில் தொங்கினார் என்று எதிரிகள் சொன்னார்கள், "ஒபா கோ சோ", மன்னர் தொங்கவில்லை என்று அடியார்கள் சொன்னார்கள். கோயில் இருக்கும் இடத்தின் பெயரும் கோசோ. 2023 டிசம்பரில் ஓயோவின் ஷாங்கோ விழாவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே ஆண் பூசாரிகளும் பெண்களைப்போல் முடியைப் பின்னிக்கொள்கிறார்கள். சாமி இறங்குகிறவருக்கு 'எலேகுன்' என்று பெயர், ஏறப்படுகிறவர் என்று பொருள். சாமி அவர்மேல் குதிரைபோல ஏறிக்கொள்கிறதாம். நம் சாமியாடிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. சந்நிதியில் மரக் கொப்பரைக்குள் வழவழப்பான கற்கோடரிகள். வயலில் உழும்போது கிடைக்கும் பழங்காலக் கற்கருவிகள்தான். இவர்களுக்கு அவை இடியோடு விழுந்த கற்கள்.

அரண்மனைப் பக்கம் போனபோது பேச்செல்லாம் புதிய அலாஃபினைப் பற்றி, அதாவது ஓயோ மன்னரைப் பற்றி. 2022-இல் பழைய மன்னர் இறந்தபின் கிட்டத்தட்ட மூன்று வருடம் சிம்மாசனம் காலியாக இருந்தது. 2025 ஜனவரியில் ஆளுநர் பெயரை அறிவித்தபோது, பேராசிரியர் வாண்டே அபிம்போலா இஃபா பார்த்துச் சொன்னதன் அடிப்படையில் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அபிம்போலா இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், 1981 முதல் உலக பாபாலாவோக்களின் 'அவிஷே', அதாவது வாய். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் ஓயோ மேசி சபையோடு அதில் பெரிய தகராறு நடந்தது. ஆனால் இஃபாவைக் கேட்க வேண்டுமா என்று யாரும் சண்டை போடவில்லை, யார் கேட்டது, எப்போது கேட்டது என்பதுதான் சண்டை.

மாலையில் ஒரு ஷாங்கோ பூசாரி அம்மாவிடம் சோழி பார்ப்பதைக் கண்டேன். பதினாறு சோழி, 'எரின்தின்லோகுன்'. இஃபாவின் பதினாறு கொட்டையைப் பெரும்பாலும் ஆண்களே பிடிக்கிறார்கள், பெண்களுக்கு அதில் இடம் உண்டா என்ற வாதம் இன்றும் சூடாக நடக்கிறது. சோழி அப்படியில்லை, ஒரிஷா பூசாரிகள் ஆணும் பெண்ணும் பார்க்கலாம். ஒருன்மிலாவிடமிருந்து இதைக் கற்றது ஓஷுன் தேவி என்று சொல்வார்கள். அம்மா சோழிகளைக் கையில் குலுக்கிப் பின்னல் தட்டில் போட்டார். வாய் மேலாக விழுந்தவற்றை எண்ணினார். எட்டு. உடனே பாடத் தொடங்கினார்.

ஒரு சோழியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதுகை அறுத்திருந்தார்கள், இல்லாவிட்டால் அது எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும். கைக்குள் வைத்ததும் வயிறு கலங்கியது. இந்தச் சோழி மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் விளைந்ததல்ல. மாலத்தீவில் பொறுக்கியது. இலங்கை வழியாகவும் வங்கம் வழியாகவும் டச்சு, ஆங்கிலக் கப்பல்களில் ஏறி, ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் போய், இந்தக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கும் காசாயிற்று. அப்படி விற்கப்பட்ட யொரூபாக்கள் கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் போனார்கள். கையில் எதையும் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் ஹவானாவிலும் சால்வடோரிலும் இன்றைக்கும் சோழி எறிந்து எண்ணுகிறார்கள், யொரூபாச் சொற்களில் ஓதுகிறார்கள். எந்தச் சோழியால் தங்கள் பாட்டன் பாட்டியை எடை போட்டார்களோ அதே சோழியை எடுத்து, சாமியிடம் கேள்வி கேட்கிறார்கள்.

அம்மா கையை நீட்டினார். சோழியைத் திருப்பிக் கொடுத்தேன். பதினாறையும் எண்ணிப் பார்த்துப் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினார்.

ஆறாம் நாள்: ஓசே. லாகோஸ்

நாளை அவோ. அதற்குள் சாரா போட வேண்டும்.

காலையில் தெருமுனை அக்காவிடம் நூறு அக்காரா சொன்னேன். காராமணி அரைத்த மாவு, வெங்காயம், மிளகாய், கொதிக்கும் எண்ணெய். நம் வடையின் மணம்தான். "என்ன விசேஷம், ஓகா?" என்று கேட்டாள். சாரா என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை, தானாகவே பத்து கூடப் போட்டாள்.

செய்தித்தாளில் சுற்றி, ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முதலில் இரண்டு பிள்ளைகள், ஐந்து நிமிடத்தில் முப்பது பேர். இரண்டு கையாலும் வாங்கினார்கள், பெண்பிள்ளைகள் முழங்காலை மடித்து. பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை, தின்றுகொண்டே வாழ்த்தினார்கள்.

மதியம் நண்பர் போன் செய்தார். மாமா விசாரித்தாராம். கொடுத்துவிட்டேன், ஒப்பந்தத் தாளையும் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "அபோரு, அபோயே" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டது முதல் தடவை.

பாத்திரத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. ஏற்கனவே வாங்கிப்போன ஒரு சின்னப் பெண் திரும்பி வந்து நின்றாள். தம்பி தூங்கிக்கொண்டிருக்கிறான், எழுந்தால் அழுவான் என்றாள். தாளில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவின் நிழல் பக்கமாகவே ஓடினாள்.